பேண்டு வந்திருச்சு, ஆனா புடிக்க மாட்டேங்குதுங்க

கேள்வி: எங்க தோட்டத்து வேலியில படர்ந்திருக்கற வாளவரை விதையில இருந்து கான்கனாவலின் ஏ-ங்கற லெக்டினை (சர்க்கரையை புடிக்கற ப்ரோட்டீன்) பிரிக்கறதுதான் என்னோட ப்ராஜெக்ட்டுங்க. அம்மோனியம் சல்பேட் போட்டு படியவெச்சு, டயாலிசிஸ் பண்ணி (சல்லடை மாதிரி பையில போட்டு சின்ன மூலக்கூறை வெளியேத்தறது), செபடெக்ஸ் நெறச்ச காலம்ல (குழாய்ல) ஏத்தி, குளுக்கோஸ் விட்டு இறக்கினேன். ப்ரோட்டீனை அளவு வாரியா பிரிச்சுக் காட்டற ஜெல்ல பேண்டு (கோடு) நல்லா வந்திருக்கு. ஆனா ரத்தத்தோட கலந்தா அணுக்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெக்கவே மாட்டேங்குது. ப்ரோட்டீன் செத்துப்போச்சு, மொதல்ல இருந்து பண்ணுன்னு சொல்றாங்க. ஒரு மாசந்தான் இருக்கு, என்ன பண்றதுங்க?
- எம்.எஸ்ஸி. மாணவி, கோபிச்செட்டிபாளையம்

பதில்: அம்மிணி, மொதல்ல கையில இருக்கற அந்த ட்யூபை கொட்டிராதீங்க. நீங்க எழுதினதை வெச்சுப் பாத்தா ப்ரோட்டீன் உசுரோடதான் இருக்குன்னு எனக்கு தோணுது.

ஜெல்ல ஏத்தறதுக்கு முன்னாடி சாம்பிளை எஸ்டிஎஸ்ங்கற சோப்பு மாதிரி பொருள் போட்டு கொதிக்க வெக்கறோமில்லைங்களா, அதுல மடிப்பெல்லாம் பிரிஞ்சு நூலாட்டம் ஆயிரும், அப்ப நல்லா இருந்த ப்ரோட்டீனும் சரி கெட்டுப்போனதும் சரி ஒரே எடத்துலதான் பேண்டா நிக்கும். அதனால பேண்டு அளவையும் சுத்தத்தையும் மட்டுந்தான் சொல்லும், புடிக்குமா புடிக்காதான்னு அதுகிட்ட கேக்கவே கூடாது. இன்னொண்ணு, 26 ஆயிரம் டால்டன் (மூலக்கூறு எடை) பக்கத்துல பெரிய பேண்டும் அதுக்கு கீழ ரெண்டு சின்ன பேண்டும் தெரிஞ்சா பயந்துக்காதீங்க, கான்கனாவலின் ஏ-ல கொஞ்சம் விதைக்குள்ளயே ரெண்டு துண்டாத்தான் இருக்கும், அது உங்க தப்பு இல்ல.

இப்ப விஷயத்துக்கு வருவோம். செபடெக்ஸ்ங்கறது குளுக்கோஸை கோத்து செஞ்ச டெக்ஸ்ட்ரான் மணி. சர்க்கரை புடிக்கற லெக்டின் அந்த மணியிலயே போய் ஒட்டிக்கும், மத்த ப்ரோட்டீனெல்லாம் ஓடி வந்துரும், இதை வெச்சு இந்த லெக்டினை பிரிக்கற முறையை 1967லயே அகர்வாலும் கோல்ட்ஸ்டீனும் எழுதிட்டாங்க. குளுக்கோஸ் ஊத்தினா மணியை விட்டுட்டு அந்த குளுக்கோஸை புடிச்சுட்டு வெளிய வருது. வெளிய வந்த லெக்டினோட வாயில ஏற்கனவே சர்க்கரை இருக்குங்க, அது எப்படி ரத்த அணுவை புடிக்கும்? அந்த சர்க்கரையை டயாலிசிஸ்ல முழுசா வெளியேத்தினாதான் எடம் காலியாகும். ஒரு ராத்திரி ஒரு பஃபர்ல (பிஹெச் மாறாம வெக்கற கரைசல்) போட்டு எடுத்தா பத்தாதுங்க, ஒரு லிட்டர் பஃபரை நாலு தடவையாச்சும் மாத்துங்க.

அடுத்தது உலோகம். கான்கனாவலின் ஏ-க்கு மாங்கனீசும் கால்சியமும் கட்டாயம் வேணும், ரெண்டும் இருந்தாத்தான் சர்க்கரை உக்கார்ற குழியே சரியா அமையும். நிறைய லேப்ல பழக்கதோஷத்துல எல்லா பஃபர்லயும் ஈடிடிஏ ஊத்திருவாங்க, அது இந்த உலோகத்தையெல்லாம் புடுங்கிக்கும். அதனால கடைசி டயாலிசிஸை 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 1 மில்லிமோலார் மாங்கனீசு குளோரைடு, கொஞ்சம் உப்பு சேத்த ட்ரிஸ் பஃபர்ல பண்ணுங்க. பாஸ்பேட் பஃபர் வேண்டாம், கால்சியம் அதுல சேந்தா திரிஞ்ச பாலாட்டம் வெள்ளையா படிஞ்சுரும். ரத்தம் எடுத்த ட்யூப் ஊதா மூடியா இருந்தா அதுலயும் ஈடிடிஏ இருக்கு, அணுக்களை சலைன்ல மூணு தடவை கழுவாம போட்டீங்கன்னா நீங்க சேத்த கால்சியமும் வீணாத்தான் போகும்.

யாரோட ரத்தம்னு நீங்க எழுதலைங்க. மனுச ரத்தமா இருந்தா ட்ரிப்சின்ங்கற நொதியில லேசா பதப்படுத்தாம இந்த லெக்டின் சரியா ஒட்ட வெக்காது. முயல் ரத்தத்துல நல்லா வேலை செய்யும், உங்க காலேஜ்ல அதுக்கு அனுமதி இருந்தா கேட்டு வாங்குங்க. யு வடிவ குழி ப்ளேட்டுல ரெண்டு ரெண்டு மடங்கா நீத்து 2 சதவீத அணுக்களை ஊத்தி ஒரு மணி நேரம் அசைக்காம விடுங்க, ஒட்டாததெல்லாம் அடியில குன்றிமணியாட்டம் சேந்து நிக்கும், ஒட்டினது குழி முழுக்க பாயாட்டம் விரிஞ்சு கெடக்கும். ஒரு வரிசையில மானோஸ் சேத்தும் போடுங்க, அங்க மட்டும் ஒட்டாம போனா நீங்க பாக்கறது லெக்டினோட வேலைதான்னு தைரியமா எழுதலாம்.

எதையும் கொட்டிராதீங்கன்னு நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஆராய்ச்சிக்கு சேந்த புதுசுல நான் ஒரு காலம் ஓட்டினேன், ஒட்டாம ஓடி வந்த தண்ணியை வேஸ்ட்டுதானேன்னு சிங்க்ல ஊத்திட்டேன், அப்பறம் பாத்தா காலம்ல ஒண்ணுமே ஒட்டல, பஃபர் பிஹெச் தப்பா இருந்திருக்கு, மூணு வாரமா சேத்த ப்ரோட்டீன் முழுக்க அந்த தண்ணியிலதான் போயிருக்கு. அன்னைல இருந்து கரைசல், படிவு, ஓடி வந்தது, கழுவினது, இறக்கினதுன்னு ஒவ்வொண்ணுலயும் 1 மில்லி எடுத்து பேர் எழுதி ஐஸ்ல வெக்காம அடுத்த படிக்கு நான் போனதில்ல. அந்த ஒவ்வொரு ட்யூப்லயும் ப்ராட்ஃபோர்டுங்கற சாய டெஸ்ட்டுல ப்ரோட்டீன் எவ்வளவுன்னும், ஒட்ட வெக்கற சக்தி எத்தனை யூனிட்டுன்னும் பாத்து, மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட்டுன்னு அட்டவணை போடுங்க. சக்தி எந்த படியில காணாம போச்சுன்னு அதுவே காட்டிக்குடுத்துரும். உங்க தீசிஸ்ல ஜெல் படத்தை விட இந்த அட்டவணைக்குத்தான் மதிப்பு அதிகம்னு நான் நினைக்கறேன்.

அம்மோனியம் சல்பேட் நம்ம காட்டுக்கு போடற உரந்தான்னாலும் உர மூட்டையில இருந்து எடுத்துராதீங்க, அதுல வேற உலோகமெல்லாம் கலந்திருக்கும். லேப் உப்பையே பொடி பண்ணி, ஐஸ்ல வெச்சு, நொரை வராம மெதுவா கலக்குங்க. நொரையில ப்ரோட்டீன் கெட்டுப்போகும்.

இந்த லெக்டினை மொதல்ல படிகமாக்கினது ஜேம்ஸ் சம்னருங்க, 1919ல. 17 வயசுல வேட்டைக்கு போன எடத்துல அடிபட்டு இடது கையை எடுத்துட்டாங்க, அவரு இடது கை பழக்கக்காரர் வேற. ஒத்தக் கையிலயே லேப் வேலை பழகி, இதே மாதிரி அவரையில இருந்து 1926ல யூரியேஸை படிகமாக்கினாரு, நொதின்னா ப்ரோட்டீன்தான்னு சொன்னாரு, பல வருசம் பெரிய பெரிய ஆளுங்களே ஒத்துக்கல, 1946ல நோபல் குடுத்தாங்க. உங்க வேலியில தொங்கற காயை பாக்கறப்ப அவரை நெனச்சுக்கோங்க.

கேள்வி: முட்டை வெள்ளைக்கருவுல வைட்டமினை புடிச்சு வெச்சுக்கற ப்ரோட்டீன் இருக்குன்னு பொண்ணு படிச்சுட்டு வந்து சொல்லுது. நாங்க கோழிப்பண்ணை வெச்சிருக்கறவங்க, இது நெசமுங்களா?
- வாசகர், நாமக்கல்

பதில்: நெசந்தானுங்க அண்ணா, பேரு அவிடின். பயோட்டின்ங்கற வைட்டமினை புடிச்சா விடவே விடாது. ஆனா பச்சை முட்டையிலதான் இந்த வேலை, நல்லா வேகவெச்சா அவிடின் கெட்டுப்போயிரும், அதனால அவிச்ச முட்டைக்கு ஒரு பயமும் இல்லீங்க. வெள்ளைக்கருவுல இருக்கற ப்ரோட்டீன்ல இது 0.05 சதவீதந்தான். இவ்வளவு இறுக்கமா புடிக்கறதனாலதான் உலகம் பூரா லேப்ல இதை வெச்சு நோய் டெஸ்ட்டு, ஆராய்ச்சின்னு பண்றாங்க. சும்மா பிரிக்க முடியாதுன்னு இமினோபயோட்டின்னு பயோட்டினோட சொந்தக்கார மூலக்கூறை காலம்ல கட்டுவாங்க, பிஹெச் 11ல ஒட்டும், 4ல விட்டுரும். பொண்ணு இதையெல்லாம் தேடி படிக்குதுங்கறதே எனக்கு ரொம்ப சந்தோசம், படிக்க வைங்க.

கேள்வி: ஒரு ப்ரோட்டீன் எவ்வளவு இறுக்கமா புடிக்குதுன்னு கேடி கணக்கு வேணும். பிடியை அளக்கற ஐடிசி, எஸ்பிஆர் மெஷினெல்லாம் எங்ககிட்ட இல்ல. வேற வழி இருக்குங்களா?
- ஆராய்ச்சி மாணவர், பெருந்துறை

பதில்: இருக்கு தம்பி. கேடிங்கறது ப்ரோட்டீன்ல இருக்கற குழிகள்ல பாதி நெறையறதுக்கு வெளிய எவ்வளவு லிகண்டு (ப்ரோட்டீன் புடிக்கற மூலக்கூறு) சும்மா சுத்திட்டு இருக்கணுங்கற அளவு, நம்பர் சின்னதா இருந்தா பிடி இறுக்கம். அவிடினுக்கு அது 10 அடுக்கு மைனஸ் 15 மோலார், கான்கனாவலின் ஏ மானோஸ் மாதிரி சின்ன சர்க்கரையை புடிக்கறது 0.1 மில்லிமோலார் கிட்ட. ரெண்டும் பிடிதான், ஆனா ஏணி வெச்சாலும் எட்டாது.

டயாலிசிஸ் பையே போதும் உங்களுக்கு. பைக்குள்ள ப்ரோட்டீன், வெளிய நைட்ரோபீனைல் சேத்த மானோஸ் மாதிரி ஸ்பெக்ட்ரோமீட்டர்ல அளக்க முடிஞ்ச லிகண்டு. சமநிலைக்கு வந்ததும் உள்ள எவ்வளவு, வெளிய எவ்வளவுன்னு பாத்தா, உள்ள அதிகமா இருக்கறதுதான் ப்ரோட்டீன் புடிச்சு வெச்சது. இந்த மாதிரி தளர்ந்த பிடிக்கு ப்ரோட்டீனும் கேடி அளவுக்கு நெருங்கி இருந்தாத்தான் வித்தியாசம் கண்ணுக்கு தெரியும், 0.1 மில்லிமோலார்னா கான்கனாவலின் ஏ மில்லிக்கு 2.6 மில்லிகிராம் வேணும், அதுக்கு தகுந்த மாதிரி விதையை ஊற போடுங்க. ப்ரோட்டீன் இல்லாத வெறும் பை ஒண்ணும் கூடவே போடுங்க, பையிலயே லிகண்டு ஒட்டுதான்னு தெரியணும். அப்பறம் 16 மணி நேரத்துல ஒண்ணு, 32 மணி நேரத்துல ஒண்ணுன்னு ரெண்டு பை எடுத்து பாருங்க, நம்பர் மாறிட்டே இருந்தா இன்னும் சமநிலைக்கு வரலைன்னு அர்த்தம், அந்த கேடியை எழுதிராதீங்க.