அரைப்பதற்கு முன் அளவு

கேள்வி: என்னுடையது 1978 அம்பாசிடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் அடியில் 'டொக் டொக்' என்று தட்டுகிறது. சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் விழுந்துவிடுகிறது. இன்ஜினை இறக்கியாகிவிட்டது. லேத்காரர் கிராங்கைப் பார்த்ததுமே, 'நேராக 20 தவ் அடித்துவிடலாம்' என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அளக்காமல் கிராங்கை, அதாவது பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டை, அரைக்கக் கொடுக்காதீர்கள். கழற்றிய பேரிங்கின் முதுகைத் துடைத்துப் பாருங்கள்; 010, 020 என்று முத்திரை இருந்தால் முன்பே அத்தனை தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அரைத்திருக்கிறார்கள். இந்த இன்ஜினுக்கு 40 தவ் வரைதான் பேரிங் வரும். 10 தவ்வில் சரியாகிற கிராங்கை 20க்கு அரைத்தால், அடுத்த முறைக்கான ஒரு வாய்ப்பு வீணாகிறது.

கிராங்க் இன்ஜின் பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னல் மூன்று, கனெக்டிங் ராடு மாட்டும் கிராங்க் பின் நான்கு. ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரால் இரண்டு இடங்களில், நேராகவும் குறுக்காகவும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மெயினின் ஸ்டாண்டர்டு அளவு 2 அங்குலம். கிராங்க் பின் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் தேயும். நேருக்கும் குறுக்குக்கும் ஒரு தவ்வுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அரைத்தே ஆகவேண்டும். ஒரு பின் மட்டும் கெட்டிருந்தாலும் நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். மெயின் ஸ்டாண்டர்டிலேயே இருக்கலாம், தவறில்லை.

அரைப்பதற்கு முன் விரிசலும் வளைவும் பார்த்துவிட வேண்டும். காந்த முறையில் விரிசல் சோதனை செய்துகொள்வது நல்லது. வளைவுக்கு, இரு முனை ஜர்னல்களையும் வி பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கி) வைத்து நடு ஜர்னலில் டயல் கேஜ் (முள் நகர்ந்து நுண்ணிய அளவு காட்டும் கருவி) வையுங்கள். ஒரு சுற்றில் முள் நகரும் அளவில் பாதிதான் உண்மையான வளைவு.

பேரிங் செட்டை வாங்கிய பிறகே கிராங்கைக் கொடுங்கள். அரைத்து வந்ததும் ஜர்னல் ஓரத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஜர்னல் பக்கச் சுவரோடு சேரும் மூலையில் நகம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சட்டென்று முட்டி நின்றால், உருண்டையாக இருக்க வேண்டிய மூலையைக் கூராக வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். கிராங்க் உடைவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். அதை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது ஆயில் துளையில். முன்பக்க மெயினிலிருந்து 1ஆம் கிராங்க் பின்னுக்கும், நடு மெயினிலிருந்து 2, 3க்கும், பின்பக்க மெயினிலிருந்து 4க்கும் ஆயில் போகிறது. அந்த வழிக்குள் அரைத்த தூள் பழைய ஆயில் கசடோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாக உட்கார்ந்திருக்கும். வெறும் காற்று அடித்தால் அது வராது. மண்ணெண்ணெயும் நீளமான மெல்லிய பிரஷ்ஷும் விட்டுத் தேய்த்து, பிறகு காற்று அடியுங்கள். வெள்ளைத் துணியில் கறை படியாத வரை விடாதீர்கள். புதுப் பேரிங்கைச் சில நூறு கிலோமீட்டரில் கீறித் தின்பது இந்தத் தூள்தான்.

பின்பக்கத்தில் ஆயிலைத் திருப்பி அனுப்பும் ஸ்க்ரோல் மரை இருக்கிறது. அதில் எமரித் தாள் (உரசும் தாள்) படவே கூடாது. பட்டால் ஆயில் கிளட்ச்சுக்கு இறங்கும்.

மாட்டும்போது பேரிங்கின் முதுகும் அது உட்காரும் குழியும் உலர்ந்திருக்கட்டும், ஆயில் உள்பக்கம் மட்டும். மெயின் நட்டுக்கு 70 பவுண்டு-அடி டார்க். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்துப் பார்த்தால் ஒன்றரை முதல் இரண்டு தவ் இடைவெளி வர வேண்டும். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரின் பள்ளம் உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்கட்டும். முன்பின் ஆட்டம் 2 முதல் 3 தவ். கடைசியில் கையால் சுற்றினால் எங்கும் பிடிக்காமல் ஒரே சீராகச் சுழல வேண்டும்.

கேள்வி: அரைத்து வந்த கிராங்கை, மற்ற பாகங்கள் கிடைக்கும் வரை ஷெட்டில் படுக்க வைத்திருக்கிறேன். சரியா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: மாதக்கணக்கில் வேண்டாம். ஃபிளைவீல் முனையைக் கீழே வைத்து, சாயாமல் கட்டி நிறுத்துங்கள். ஜர்னல்களில் கிரீஸ் பூசி, எண்ணெய்த் துணி சுற்றிவிடுங்கள். வெறும் கையின் வியர்வை பட்ட இடத்திலும் துரு பிடிக்கும்.