வரி, காணி, பரீட்சை: வாக்குரிமைக்கு இவற்றில் ஒன்றைத் தகுதியாக வைத்தால் வன்னியில் யார் மிஞ்சுவார்?

கேள்வி இதுதான்: “வரி கட்டாதவன், ஒரு துண்டுக் காணி இல்லாதவன், நாட்டு நடப்பே தெரியாதவன் எல்லாருக்கும் எதற்கு வாக்கு? ஒரு சின்னப் பரீட்சை வைத்துத் தேறினவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன?”

என் பதில், கூடாது என்பதுதான். ‘எல்லாரும் சமம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் கேட்டவருக்குத் திருப்தி வராது, வரவும் வேண்டியதில்லை. இந்த மூன்று தகுதிகளையும் உண்மையாகவே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வைத்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் பார்ப்போம்.

முதலில் வரி. ‘வரி கட்டுபவன்’ என்று சொல்லும்போது மனதில் இருப்பது சம்பளத்தில் பிடிக்கிற வருமான வரி. அதன் எல்லை எங்கே நின்றது என்று பாருங்கள். 2020 இல் வருடத்துக்கு 30 இலட்சம் ரூபாவுக்கு மேல் உழைத்தவருக்கே வரி. 2023 ஜனவரியில் அந்த எல்லை 12 இலட்சமாக இறங்கியது. 2025 ஏப்ரலில் 18 இலட்சமாக ஏறியது. மாதம் 1,20,000 ரூபா எடுக்கிற ஒருவரை எடுத்துக்கொண்டால், அவருக்கு 2021 இல் வாக்கு இல்லை, 2024 இல் உண்டு, 2025 இல் மறுபடி இல்லை. ஆளும் மாறவில்லை, அறிவும் மாறவில்லை, வரவுசெலவுத் திட்டம் மட்டும் மாறியது. தனக்குப் பிடிக்காத வாக்காளரை நீக்க வேண்டுமென்றால் ஓர் அரசாங்கம் அவருக்கு வரிச்சலுகை கொடுத்தால் போதும். அவரும் கைதட்டி வாங்கிக்கொள்வார்!

மறுபக்கம், வரி கட்டாதவர் என்று ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். பெறுமதி சேர் வரி, கடைப் பேச்சில் ‘வற்’, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். வரி சேர்ந்த விலை 590 ரூபா என்றால் அதில் 90 ரூபா வரி. டீசலுக்கும் அப்போதுதான் அது வந்தது. முத்தையன்கட்டில் கூலிக்கு உழவு பிடிக்கிறவர் அந்த வரியை உழவுக்கூலிக்குள் வைத்துக் கட்டுகிறார். சவர்க்காரத்தில் கட்டுகிறார், ரீலோட்டில் கட்டுகிறார். கடைக்காரர் வற் பதிவு இல்லாதவராக இருந்தாலும் அவர் மொத்தமாக வாங்கிய விலைக்குள் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். அரசின் வரி வருமானத்தில் பெரும் பங்கு இப்படிப்பட்ட மறைமுக வரிதான். அதற்கு யாரும் பற்றுச்சீட்டைக் கோவையில் போட்டு வைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய கதையும் அப்படித்தான். 1848 இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வீதி வரிப்படி வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். கல் உடைத்தவர்களுக்கு அதற்காக யாரும் வாக்குத் தரவில்லை.

அடுத்தது காணி. வன்னியை அறிந்தவர் யாரும் இந்தத் தகுதியைக் கேட்டுச் சிரித்துவிடுவார்.

இங்கே கணிசமானவர்களின் காணி உறுதிக்காணி அல்ல, பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. பெர்மிட்காரர் சொந்தக்காரர் அல்ல. காணி அரசுடையது, நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிறகு அளிப்புப் பத்திரம் கிடைக்கும். அதுவரை அவர் ‘சொத்துள்ளவரா’ இல்லையா? ஆம் என்றால் பெர்மிட்டை இரத்துச் செய்யும் அதிகாரி வாக்கையும் இரத்துச் செய்கிறார். இல்லை என்றால் இரணைமடு, வவுனிக்குளம் குடியேற்றங்களில் மூன்று தலைமுறையாக வயல் செய்கிறவர்கள் வெளியே நிற்பார்கள்.

இன்னும் இருக்கிறது. பெர்மிட்டைப் பிள்ளைகளுக்குள் விரும்பினபடி துண்டு போட முடியாது. பொதுவாக ஒரு பெயர், ஒரு பின்னுரித்தாளர். வீட்டில் ஐந்து பேர் வயதுவந்தவர்கள் என்றால் ஒருவருக்கு வாக்கு, நாலு பேர் பார்வையாளர். பின்னுரித்தாளரை எழுதாமல் பெர்மிட்காரர் இறந்தால் யாருக்குப் போகும் என்று அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லும். அதில் மகனுக்குப் பிறகுதான் மகள், பேரனுக்குப் பிறகுதான் பேத்தி. இதை 2022 இல்தான் திருத்தினார்கள். யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் குடும்பம் நடத்துகிற மாவட்டங்களில் சொத்துத் தகுதி என்றால் அது நடைமுறையில் ஆண் தகுதி.

பத்திரம் இருந்ததும் இல்லாமல் போனதும் வேறு கதை. 2008, 2009 இல் வன்னிச் சனம் ஊர் ஊராகப் பெயர்ந்து கடைசியில் செட்டிகுளம் முகாம்களுக்குப் போனபோது இரண்டரை இலட்சம் பேருக்கு மேல். பொலித்தீன் பையில் சுற்றி வைத்த பெர்மிட்டும் பிறப்புச் சான்றிதழும் பங்கருக்குள்ளும் கடற்கரையிலும் போயின. கேப்பாப்புலவுக்காரரின் காணி படையினரிடம் இருந்த காலத்தில் அவர்கள் காணி உள்ளவர்களா, இல்லாதவர்களா? ஒருவரின் காணியை அரசே வைத்திருந்துகொண்டு, காணி இல்லாதபடியால் வாக்கில்லை என்று அதே அரசு சொல்வது எந்த ஊர் நியாயம்?

பரீட்சைக்கு வருவோம். மூன்றிலும் கேட்க நல்லதாக இருப்பது இதுதான். மூன்றிலும் மோசமாக நடத்தக்கூடியதும் இதுதான். வினாத்தாளை யார் எடுப்பது, எந்த மொழியில், யார் திருத்துவது, எத்தனைக்குச் சித்தி? மொழிபெயர்த்து வருகிற அரசாங்கப் படிவங்களின் தமிழைப் பார்த்தவர்களுக்கு முதல் பயம் எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது பல பத்தாண்டுகள் நடந்தது. லூசியானாவில் 1960களில் சில இடங்களில் வைத்த தாளில் 10 நிமிடத்தில் 30 கேள்வி, ஒன்று பிழைத்தாலும் தோல்வி. மிசிசிப்பியில் அரசியலமைப்பின் ஒரு பிரிவை விளக்கச் சொல்வார்கள்; விளக்கம் சரியா என்பது பதிவாளரின் விருப்பம். படிக்காத வெள்ளையர் தவறிவிடாமலிருக்க, பாட்டன் காலத்தில் வாக்கிருந்தவருக்குப் பரீட்சை வேண்டாம் என்று சில மாநிலங்களில் ஒரு விதி வேறு. அந்த விதியை 1915 இல் நீதிமன்றம் தள்ளியது, பரீட்சைகளை முடிவுக்குக் கொண்டுவர 1965 ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. வேர்ஜீனியாவில் வாக்குவரி வருடத்துக்கு ஒன்றரை டொலர்தான். ஆனால் மூன்று வருடத்துக்கும் சேர்த்து, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னதாகவே கட்டி முடித்திருக்க வேண்டும். தொகை சின்னது, மறக்க வைப்பதுதான் நோக்கம். அதை 1966 இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

‘நாங்கள் நேர்மையாக வைப்போம்’ என்பவர்களுக்கு இலங்கையிலேயே பதில் இருக்கிறது. 1911 இல் சட்டநிரூபண சபையின் ‘படித்த இலங்கையர்’ ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தது. ஆங்கிலக் கல்வித் தகுதி உள்ள ஆண்கள் மட்டும், மூவாயிரம் பேரளவில். பொன்னம்பலம் இராமநாதன் டொக்டர் மார்க்கஸ் பெர்ணாண்டோவை வென்றார். தமிழர் வென்றாரே என்று நாங்கள் பெருமைப்படுவதுண்டு. ஆனால் வரலாற்றாசிரியர்கள் சொல்வது, கரவ சாதிக்காரரான பெர்ணாண்டோ வரக்கூடாது என்று சிங்களக் கொவிகம சாதி மேட்டுக்குடியினர் இராமநாதனுக்குப் போட்டார்கள் என்பது. தீவிலேயே அதிகம் படித்த மூவாயிரம் பேரும் சாதி பார்த்துத்தான் போட்டார்கள். 1920களில் எழுத வாசிக்கத் தெரிந்து, வருட வருமானம் 600 ரூபா அல்லது அதற்கேற்ற சொத்துள்ள ஆண்களுக்கு என்று அகட்டினார்கள்; சனத்தொகையில் 4 வீதம் பேர் தேறினார்கள். 1931 இல் டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசைத் தொடர்ந்து 21 வயதான ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்கு வந்தபோது அதை இராமநாதன் உட்படப் பல படித்த தலைவர்கள் முன்கூட்டியே எதிர்த்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். தகுதி பார்த்துத் தேர்ந்த சபைகள் இலவசக் கல்வி தரவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் சேர்ந்து தேர்ந்த அரசாங்க சபையில்தான் கன்னங்கரா கல்விக்குழுத் தலைவரானார். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. ‘முதலில் படிக்கட்டும், பிறகு வாக்குக் கொடுப்போம்’ என்றிருந்தால் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு காலமும் வந்திராது.

வாக்கைப் பத்திரத்தோடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வன்னிக்கு மிக நெருங்கிய சாட்சி மலையகத் தமிழர். 1931 இலேயே அவர்களுக்குத் தனிப் பரிசோதனை இருந்தது: நிரந்தர வதிவை நிரூபிக்க வேண்டும், அல்லது எழுத்தறிவும் சொத்தும் காட்ட வேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அப்படியிருந்தும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. அடுத்த வருடமே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. பரம்பரைப் பிரஜை என்று காட்டத் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயன் காம்பிராவில் பூட்டனின் பிறப்புச் சான்றிதழை யார் வைத்திருந்தார்? 1949 ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பிக்க வழி விட்டது. அதற்கு 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக மணமானவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம் இருந்ததற்கான சான்று, போதிய வருமானம், இரண்டு வருடக் கெடு. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் மாறி, பிரஜை அல்லாதவர் பெயர் இடாப்பிலிருந்து போனது. அந்த 1949 குடியுரிமைச் சட்டத்தின் மசோதா தொடர்பில் அமைச்சர் பதவியை விட்டவர் வவுனியா உறுப்பினர் சி. சுந்தரலிங்கம்.

வாக்குப் போனவர்கள் இடாப்பிலிருந்து போய்விட்டார்கள், ஆனால் தொகுதி பிரிக்கும்போது அவர்களின் தலையையும் எண்ணினார்கள். அதனால் அந்தத் தொகுதிகளில் வாக்கிருந்த மற்றவர்களின் வாக்குக்கு எடை கூடியது. இலட்சக்கணக்கானவர்கள் யாருக்கும் வேண்டாத ஆட்களாக, 1964 ஒப்பந்தத்தில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் பொருளாக ஆனார்கள். 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு தோட்டங்களை விட்டுக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் அந்த மக்கள்தான். பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் கேட்டுப் பாருங்கள். நாடற்றவர் பிரச்சினையைச் சட்டத்தில் தீர்க்க 1988, 2003 சட்டங்கள் வரை போனது. இன்று ‘காணிப்பத்திரம் உள்ளவனுக்கு மட்டும் வாக்கு’ என்றால் ஐம்பது வருடம் கழித்து வாக்கு எடுத்த அதே குடும்பங்களிடம் இரண்டாவது தடவையும் பறிக்கிறோம்.

பங்குள்ளவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற நியாயம் எங்கும் பொருந்தாது என்று நான் சொல்லவில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது குளத்துக் கதவு திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கும்போது அந்தக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவருக்குத்தான் குரல். சரிதான், பாதிப்பும் அவருக்குத்தான். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகப் பங்கு வாங்க வேண்டும், ஆனால் ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு வைத்திருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு. பாராளுமன்றம் குளம் அல்ல. அது போடும் சட்டம் காணி இல்லாதவரையும் சிறைக்கு அனுப்பும், அவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் மூடும்.

‘சாராயத்துக்கும் அரிசிப் பைக்கும் வாக்கை விற்கிறார்களே’ என்ற கோபம் நியாயமானது. ஆனால் மூவாயிரம் வாக்காளரை வாங்குவது மலிவா, வன்னி மாவட்டத்தின் மூன்று இலட்சம் பேரை வாங்குவது மலிவா? இங்கிலாந்தில் 1832 வரை ஓல்ட் சாரம் என்ற இடத்தில் ஒரு கைப்பிடி வாக்காளர் இரண்டு உறுப்பினரை அனுப்பினார்கள். எல்லாரும் ‘தகுதியுள்ளவர்கள்’தான், ஆசனத்தையே காசுக்கு வாங்கி விற்றார்கள்.

வாக்கு வீணாகப் போகிறது என்பதுதான் கவலை என்றால் அது உண்மையில் வீணாகும் இடங்கள் வேறு. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு விரும்பினால் அதே கட்சியில் மூன்று பேர் வரை அவர்களின் விருப்பு இலக்கத்துக்கும் புள்ளடி. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுச்சீட்டும் நிராகரிப்பு. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் அப்படியே. மூன்றுக்கு மேல் இலக்கம் போட்டால் விருப்பு வாக்கு மட்டும் போகும், கட்சி வாக்கு நிற்கும். இதைப் படித்தவர்களும் பிழைவிடுகிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் 1 போடாமல் 2, 3 மட்டும் போட்டாலும் சீட்டு செல்லாது. கிளிநொச்சிக்காரர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பேச்சில் வன்னி என்றாலும் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில்தான், வன்னி மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு.

இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் அல்லது தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள், தேர்தல் அறிவித்த பிறகு அல்ல, வருடாந்தப் பட்டியலைப் பார்வைக்கு வைக்கும் காலத்திலேயே. விடுபட்டிருந்தால் அப்போதுதான் உரிமை கோரலாம். வாக்காளர் அட்டை தபாலில் வராவிட்டாலும் பெயர் இருந்தால் அடையாள அட்டையோடு போய்ப் போடலாம். அடையாள அட்டையும் இல்லாவிட்டால் தேர்தலுக்கு முன்னரே கிராம அலுவலர் மூலம் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படம் வேண்டும், கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள்.