முதல் பக் ரிப்போர்ட்டுக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

காவேரிப்பட்டணத்தில் ஞாயிறு காலைகளில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைத் தமிழில் சோதித்து, அதில் காணும் கோளாறுகளை, அதாவது பக்குகளை, எழுதி அனுப்பும் சின்னக் குழு ஒன்றை நடத்துகிறேன். முதல் வாரம் 18 பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் 4 பேர்தான். வகுப்பும் எடுத்தேன், கையேடும் கொடுத்தேன். எங்கே தவறினேன்?

கணினி ஆசிரியை ஒருவர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் இணைத்திருந்த கையேட்டைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதை முடித்த பிறகுதான் பக்குகளைப் பதியும் தளமான பக்ஸில்லா பக்கம் போகலாம் என்று வைத்திருக்கிறீர்களே, பிள்ளைகள் அங்கேதான் கழன்றுகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் நாள் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் ஆளுக்கு ஒன்றாவது பதிந்துவிட வேண்டும். புதிய பக்காக இருக்க வேண்டியதில்லை. உறுதி செய்யப்படாமல் கிடக்கும் பழைய ரிப்போர்ட் ஒன்றை எடுத்து, அதில் சொன்ன படிகளைச் செய்து பார்த்து, ‘எனக்கும் வருகிறது’ அல்லது ‘வரவில்லை’ என்று பதிப்பு எண்ணோடு எழுதினால் போதும். கையேடு அப்புறம்.

போன வருடம் தருமபுரியில் ஒரு மாணவி என் பக்கத்தில் உட்கார்ந்து வேறொரு எடிட்டரை, அதாவது எழுதும் மென்பொருளை, சோதித்தார். யாரோ கொடுத்த ஃபைலில் ‘கொய்யா’ என்று தேடினார். கண்ணெதிரே சொல் இருக்கிறது, தேடல் இல்லை என்கிறது. “நான்தான் தப்பா அடிக்கிறேனா சார்?” என்றார். காரணம் எனக்குத் தெரியும். மவுசை வாங்கிக் காட்டிவிடலாம் என்று கை துடித்தது. கையைக் கட்டிக்கொண்டு, “அந்த ‘கொ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு முறை பேக்ஸ்பேஸ் தட்டும்மா” என்றேன். ‘கெ’ மிஞ்சியது. அவரே அடித்த ‘கொ’வில் தட்டினால் ‘க’ மிஞ்சியது. இரண்டையும் மாற்றி மாற்றி நாலு தடவை தட்டிப் பார்த்தார்.

கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’வை ககரத்தோடு ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம்; ககரத்தோடு எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. அந்த எடிட்டரின் தேடல் அப்படிக் கொள்ளவில்லை. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்றையும் அவரே எழுதினார். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அது என் ரிப்போர்ட்டாகப் போயிருக்கும். தமிழில் தினமும் தட்டச்சு செய்கிறவர் கண்ணில்தான் இது படும். உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது பதில். பல வருடங்களுக்கு முன் ஒரு மென்பொருள் திட்டத்துக்கு நான் எழுதிய முதல் ரிப்போர்ட்டை ‘டூப்ளிகேட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு மூடினார்கள். இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. வேறு ஊரில் ஒருவருக்கும் இதே கோளாறு வந்திருக்கிறது, ஆகவே நீ பார்த்தது சரி என்றுதான் அதற்குப் பொருள் என்று யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் போயிருப்பேன். உங்கள் குழுவில் புதியவர் எதைப் பதிந்தாலும் அன்றைக்கே உங்களில் ஒருவர் திறந்து பார்த்து இரண்டு வரி எழுதுங்கள். எல்லாரையும் நீங்களே சுமக்காதீர்கள். தங்கிய நால்வரும் ஆளுக்கு ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. நீங்கள் எழுதியது ஜூன் மாதம். மாங்காய் சீசனில் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மண்டிக்கும் கூழ் ஆலைக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களை விட்டுப் போனவர்கள் என்று எண்ண வேண்டாம். லிப்ரே ஆபிஸ் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. பிப்ரவரி பதிப்புக்கான சோதனை நவம்பர், டிசம்பரில் சூடுபிடிக்கும். அந்த 14 பேரையும் அப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு நானும் தருமபுரியிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். கொய்யா ஃபைலைக் கொண்டு வருகிறேன். லிப்ரே ஆபிஸில் அது என்ன செய்கிறது என்று அவர்களே தட்டிப் பார்க்கட்டும்.

அன்புடன்.