அம்மாவின் குரலில் அழைக்கலாமா?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் அம்மா தவறிவிட்டார். அப்பாவைத் தேற்றுவதற்காக ஒருநாள் மாலை, சமையலறையிலிருந்து அம்மாவைப் போலவே, "என்னங்க, டீ ஆறுது" என்று குரல் கொடுத்தேன். இப்போது தினமும் அதற்காகக் காத்திருக்கிறார். அம்மாவின் சேலையையும் கட்டச் சொல்கிறார். 'ஆல்ப்ஸ்' என்ற கிரேக்கப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் செய்வது தவறா?
- ஒரு மகள், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி,

யோர்கோஸ் லாந்திமோஸ் இயக்கி, 2011இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது பெற்ற படம் அது. இறந்தவர்களைப் போல நடித்து, அவர்களுடைய குடும்பத்தாரிடம் கூலி வாங்கும் ஒரு சிறு கூட்டத்தின் கதை என்பதால், ஆறுதல் தேடிப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு வயிற்றைப் பிசையத்தான் செய்யும். இறந்தவரின் பேச்சை அவர்கள் பாடம் ஒப்பிப்பதைப் போல உணர்ச்சியே இல்லாமல் சொல்வது பலருக்குக் குறையாகப் படலாம். எனக்கோ படத்தின் உயிரே அங்கேதான் இருப்பதாகத் தோன்றியது, ஏனெனில் பழகிய சொற்கள் பழகிய நேரத்தில் காதில் விழுந்தாலே அந்தக் குடும்பங்களுக்குப் போதுமாக இருக்கிறது. உங்கள் அப்பாவின் நிலையும் அதுதான்.

நீங்கள் பாசத்தால் செய்தீர்கள், அதில் தவறில்லை. என் கவலை உங்களைப் பற்றியது. படத்தில் வரும் தாதி, டென்னிஸ் ஆடும் ஓர் இளம்பெண் விபத்தில் இறந்ததைத் தன் கூட்டத்தாரிடமே மறைத்துவிட்டு, அவளாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறாள். பிறகு, இனி வரவேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுக்குள்ளும் எப்படியாவது நுழையத் துடிக்கிறாள். ஒரு குரலில் தொடங்கியது உங்கள் வீட்டில் சேலை வரை வந்துவிட்டதால், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் கருமக்கிரியையில் அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைத்திருப்பீர்கள். அந்த இலையின் முன் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை அல்லவா?

நாளை டீயை நீங்களே கொண்டுபோய் வைத்து, "அப்பா, டீ ஆறுது" என்று சொல்லி, எதிரில் உட்காருங்கள். அவர் முகம் சுளிக்கலாம், நாலைந்து நாள் டீயைத் தொடாமலும் இருக்கலாம். மனம் இளகி மறுபடியும் அம்மாவின் குரலுக்குப் போய்விடாதீர்கள். கலியாணமான புதிதில் அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள், அவரே பேசட்டும். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் குறைந்தால், பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

சேலை இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். ஆண்டுத் திதி முடிந்து, உங்களுக்கே ஆசை வந்தால், ஏதாவது ஒரு விசேஷத்துக்கு உங்கள் விருப்பப்படி கட்டிக்கொண்டு போங்கள்.