மேடைக்கு வந்தவர் மனம் நோகலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஐந்து ஆண்டுகளாகப் பினாங்கில் பிறந்தநாள் விழாக்களிலும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளிலும் நகைச்சுவை மேஜிக் செய்து வருகிறேன். அண்மையில் பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில், முன்வரிசையில் இருந்த பெரியவரை மேடைக்கு அழைத்து அவருடைய வழுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவரோ ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார். அதன்பின் எத்தனை முறை அழைத்தும் யாரும் மேடைக்கு வரவில்லை. எங்கே தவறினேன்? – வாசகர், பிறை.

பதில்: தம்பி, யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. அந்தப் பெரியவரின் மனைவியும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். கூட்டம் சிரித்தாலும், ஒவ்வொருவரும் தத்தம் தலையையும் தொப்பையையும் நினைத்து, நமக்கு எதற்கு வம்பு என்று நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள். மேடைக்கு வருபவரின் உருவம், வயது, நிறம், பேச்சு ஆகிய எதையும் தொடாமலேயே ஒரு மணி நேரம் சிரிக்க வைக்க முடியும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஒடியும் மந்திரக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் விறைப்பாக நிற்கும் கோல், சிறுவனின் கைக்குப் போனதும் துண்டு துண்டாகத் தொங்கும். அந்த நொடியில் “என்னடா செய்தாய்?” என்று கேட்டால் பிள்ளை உதட்டைப் பிதுக்கிவிடும். “ஐயோ, இரவல் வாங்கிய கோலாயிற்றே, நான் என்ன பதில் சொல்வேன்!” என்று நீங்கள் பதறினால் அதே பிள்ளை வயிறு குலுங்கச் சிரிக்கும். சிக்கலில் மாட்டிக்கொண்டவர் நீங்கள் என்று தெரிந்ததும் கூட்டம் முழுவதும் அந்தப் பிள்ளையின் பக்கம் சேர்ந்துகொள்ளும்.

இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற மேஜிக் கலைஞர் டோனி ஸ்லைடினியின் காகித உருண்டை வித்தை இன்னும் நுட்பமானது. உதவிக்கு வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மெல்லிய காகித உருண்டையைக் கைக்குள் வைப்பதுபோல் காட்டி, கையை உயர்த்தும் வேகத்தில் அதை அவர் தலைக்கு மேலாகப் பின்னால் வீசிவிட வேண்டும். உருண்டை பறப்பதை மண்டபமே பார்க்கும். உட்கார்ந்திருப்பவர் மட்டும் பார்க்க மாட்டார். ஏமாறுபவர் அவர் ஒருவரே என்பதால் இதில் மிகுந்த கனிவு தேவை. மூன்று உருண்டைகளுக்கு மேல் நான் வீசுவதில்லை. பிறகு அவரை எழுப்பித் திரும்பிப் பார்க்கச் சொல்வேன். தரையில் கிடக்கும் உருண்டைகளைக் கண்டு அவரே முதலில் சிரித்துவிடுவார். அதன்பின் நான் நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி உருண்டையை அவரிடம் கொடுத்து என் தலைக்கு மேல் வீசச் சொல்வேன். அன்றைய நிகழ்ச்சியில் பெரிய கைத்தட்டல் அவருக்குத்தான் கிடைக்கும்.

யாரை அழைப்பது என்று தெரிய, முதல் பத்து நிமிடங்கள் கூட்டத்தைக் கவனியுங்கள். கண்ணைப் பார்த்துச் சிரிப்பவரை அழைக்கலாம். குனிந்துகொள்பவரை விட்டுவிட வேண்டும். திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய்க்காரர்களும் சீனர்களும் வருவார்கள். ஆகவே பெண்களின் கையைப் பிடித்து மேடையேற்றாமல், எங்கே நிற்க வேண்டும் என்று கையசைத்துக் காட்டுவதே மரியாதை.

கேள்வி: கழுத்தை வெட்டும் வித்தைக்குச் சிறுவர்களை அழைக்கலாமா? – வாசகி, ஜார்ஜ் டவுன்.

பதில்: வேண்டாம், அம்மா. கருவி பாதுகாப்பானது என்று நமக்குத் தெரியும். கீழே இருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தெரியாது. 1956ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் இந்திய மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டியபோது, அவள் எழுந்து நிற்கும் முன்பே ஒளிபரப்பு முடிந்துவிட்டது. அவள் இறந்துவிட்டாளோ என்று பதறிய நேயர்களின் அழைப்புகளால் நிலையத்தின் தொலைபேசி இணைப்புகள் திணறின. பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால் பிள்ளைகள் எம்மாத்திரம்! விழா வீட்டுக்காரர் போன்ற, எல்லாருக்கும் தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி, கழுத்துக்குப் பதிலாக மணிக்கட்டை வைக்கும் சிறிய கருவியைப் பயன்படுத்துங்கள். கத்தி இறங்கியதும், கைத்தட்டலுக்குக் காத்திராமல், அவருடைய ஐந்து விரல்களையும் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள்.