போர்வெல் வண்டியும் பாறை துளைக்கும் குண்டும்

ஐயா, வணக்கமுங்க.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ஓட்டுகிறேன். கருங்கல்லிலேயே ஆயிரம் அடி இறக்குகிறோம். 2025-ல் அமெரிக்கா ஈரானில் போட்ட 13 டன் குண்டு 60 மீட்டர்தான் போகும் என்கிறார்கள். வெடித்து வெடித்து இன்னும் கீழே போகாதுங்களா?

கதிர்வேல்

அன்புள்ள கதிர்வேல்,

உங்கள் ஹேமர் நொறுக்கும் கல்தூளைக் கம்ப்ரஸர் காற்று உடனுக்குடன் மேலே தள்ளுகிறது. தூள் வெளியே வராவிட்டால் ராடு சிக்கிக்கொள்ளும். குண்டுக்குத் தூள் தள்ள ஆளில்லை. எதிர்ப்படும் கல்லை நசுக்கி ஒதுக்கித்தான் அது இறங்க வேண்டும். அதற்கு இருப்பது விழுந்த வேகம் மட்டுமே. அது தீர்ந்ததும் நின்றுவிடும். வெடிப்பது ஒரே ஒரு முறை, உள்ளே போன பிறகு.

நீங்கள் சொல்லும் அந்தக் குண்டின் பெயர் ஜிபியு-57. எடை சுமார் 13,600 கிலோ, குறுக்களவு 80 செ.மீ. அதில் வெடிமருந்து ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, பெரும்பகுதி எஃகுக் கூடுதான். ஒல்லியும் கனமும்தான் ஆழத்தைத் தரும். 1991 வளைகுடாப் போரில் அவசரத்துக்குப் பழைய பீரங்கிக் குழாய்களையே அறுத்து இப்படிக் கூடு செய்தார்கள்.

60 மீட்டர் என்பதை எல்லாக் கல்லுக்கும் பொருத்தாதீர்கள். எம்-20 ரகக் கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும், நல்ல கருங்கல் 100-ஐத் தாண்டும். சங்ககிரி மலை மாதிரிக் கல்லில் ஆழம் வெகுவாகக் குறையும். சாய்ந்து விழுந்தால் கூடு வளையும், பக்கவாட்டில் சறுக்கும். குண்டை வெடிக்கவைக்கும் ஃப்யூஸ் அந்த அடியைத் தாங்கி, கணநேரம் பொறுத்து வெடிக்க வேண்டும். முந்திவிட்டால் மேலே பள்ளம் விழும், கீழே ஒன்றும் ஆகாது.

கிணறு வெட்டுகையில் தோட்டாவைப் பாறைமேல் வைத்தால் சத்தம்தான் மிச்சம். குழியில் இறக்கி மண் கெட்டித்தால் பாறை பிளக்கும். பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த 10 டன் கிராண்ட் ஸ்லாம் குண்டின் நியாயமும் இதுவே. 1945 மார்ச் 14 அன்று ஜெர்மனியின் பீலஃபெல்ட் ரயில் பாலத்தருகே அது மண்ணுக்குள் வெடித்தது. அந்த அதிர்விலேயே பாலத்தின் கண்கள் சரிந்தன.

ஈரான் மலைக்கடியில் யுரேனியம் செறிவூட்டிய ஃபோர்டோ கூடம் 80 மீட்டருக்கும் கீழே என்று மதிப்பிட்டிருந்தார்கள். அதனால் 2025 ஜூனில் அமெரிக்கா வெறும் பாறையை நம்பவில்லை. ராணுவத் தலைமை விளக்கியபடி, இரண்டு காற்றுக் குழிகளுக்குத் தலா ஆறு குண்டுகள். முதல் குண்டு கான்கிரீட் மூடியைப் பெயர்க்க, அடுத்தவை அதே குழிக்குள் வினாடிக்கு ஆயிரம் அடிக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கின. நீங்கள் போடும் துளையை அங்கே கட்டியவர்களே போட்டு வைத்திருந்தார்கள்.