குழந்தையின் தைராய்டில் வெள்ளைப் புள்ளிகளோடு கட்டி: ஊசி டெஸ்ட்டுக்கு முன் பார்க்க வேண்டியது

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் மகனுக்கு 4 வயது. சளி ஜுரத்தோடு கழுத்தில் நெறி கட்டியதால் ஸ்கேன் எடுத்தோம். நெறி சாதாரணமானதுதானாம். ஆனால் தைராய்டின் இடது பக்கம், கீழ்ப்பகுதியில் 7 மி.மீ. கட்டி, உள்ளே வெள்ளைப் புள்ளிகள், கால்சியமாக இருக்கலாம், ஊசி டெஸ்ட் செய்யவும் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மாமியார் டிபி என்கிறார். எனக்குக் கேன்சரோ என்று பயம். என்ன செய்வது?

பதில்: அம்மா, ஊசிக்குத் தேதி வாங்கும் முன் இன்னொரு ஸ்கேன் எடுங்கள். குழந்தைகளுக்கு அடிக்கடி ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிஸ்டிடம் எடுப்பது முக்கியம். ஸ்டான்லியிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ கேட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றுவது இடம் மாறிய தைமஸ்.

தைமஸ் என்பது நோய் எதிர்ப்பு அணுக்களைப் பக்குவப்படுத்தும் சுரப்பி. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும். கருவில் அது உருவாவது கழுத்தில்தான். அங்கிருந்து நெஞ்சுக்கு இறங்குகிறது. இறங்கும்போது ஒரு துணுக்கு வழியிலேயே தங்கிவிடலாம், தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், சில நேரம் தைராய்டுக்குள்ளேயே. இது நோய் இல்லை.

ஸ்கேனில் தைமஸ் கருமையாக, உள்ளே வெள்ளைப் புள்ளிகளும் குட்டிக் குட்டிக் கோடுகளுமாக, இரவு வானத்தில் நட்சத்திரம் இறைத்தது போலத் தெரியும். பாப்பில்லரி வகைத் தைராய்டு கேன்சரிலும் வெள்ளைப் புள்ளிகள் வரும் என்பதால்தான் குழப்பம். தைமஸில் புள்ளிகளோடு கோடுகளும் கலந்திருக்கும், ஓரம் பெரும்பாலும் கோணலாக இருக்கும், அக்கம்பக்கத்தை அழுத்தாது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் குறைவாகத் தெரியும்.

இவற்றையெல்லாம்விட நான் நம்புவது ஒரே ஒரு சோதனையை. தோளுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கழுத்துக் கட்டியைப் பார்த்த அதே ப்ரோபை (தோலில் வைத்து ஸ்கேன் எடுக்கும் கருவி) அப்படியே கீழே நகர்த்தி, இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவிலுள்ள குழியில் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் சொந்தத் தைமஸ் அங்கே தெரியும். இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே கருமை, ஒரே புள்ளி, ஒரே கோடு என்றால் பதில் கிடைத்துவிட்டது. பையன் அழுதால் அழட்டும்; அழும்போது நெஞ்சுத் தைமஸ் மேலே எழும்பி இன்னும் நன்றாகத் தெரியும். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து வேண்டாம். ஆனாலும் அவசரத்தில் இந்தச் சில நிமிடங்கள் விட்டுப்போகின்றன. அதனால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "நெஞ்சுத் தைமஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்களா, டாக்டர்?"

மாமியாரின் சந்தேகத்தைத் தப்பு சொல்ல முடியாது, நம் பகுதியில் டிபி நெறியைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அது தைராய்டுக்கு வெளியே, பெரும்பாலும் பல நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் சீழ் பிடித்து இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லை.

ஊசி டெஸ்ட்டைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தைமஸில் ஊசி போட்டால் வருவது இளம் நிண அணுக்கள். தைமஸாக இருக்கலாம் என்று லேபுக்குத் தெரியாவிட்டால், லிம்போமா (நிண அணுக்களில் வரும் கேன்சர்) என்று சந்தேகித்து எழுத வாய்ப்பிருக்கிறது. போட்டே ஆக வேண்டும் என்றால், தைமஸாக இருக்கலாம் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தைமஸ்தான் என்று உறுதியானால் மருந்து கிடையாது. 6 மாதம் கழித்து ஒரு ஸ்கேன், அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில். குழந்தை வளரும்போது கொஞ்சம் பெரிதாகலாம். பருவ வயதுக்குப் பிறகு தானாகச் சுருங்கிக் கொழுப்பாக மாறும். போன நூற்றாண்டின் முற்பாதியில், பெரிய தைமஸ் மூச்சை அடைக்கும் என்று நம்பிக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களிடம் பின்னாளில் தைராய்டு கேன்சர் வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. சும்மா விட வேண்டியதைச் சும்மா விடுவதும் வைத்தியம்தான்.

கட்டி வேகமாக வளர்ந்தாலோ, கல் போல இறுகினாலோ, குரல் கம்மினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ காத்திருக்காதீர்கள். படங்கள் பொருந்தவில்லை என்றாலும் ஊசி டெஸ்ட் தேவைதான்.

என்றாவது ஆபரேஷன் பேச்சு வந்தால், நெஞ்சில் தைமஸ் இருப்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். சில குழந்தைகளுக்குக் கழுத்தில் இருப்பது மட்டும்தான் தைமஸே. அதை எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி பாதிக்கப்படும். அடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே "நெஞ்சுத் தைமஸ் அதன் இடத்தில் இருக்கிறது" என்ற வரியை எழுதி வாங்கி, ஃபைலில் வையுங்கள்.